லண்டனில் தங்க இடம்: மதுரையிலிருந்து பணம் கட்டுவதற்கு முன்

செப்டம்பர் சேர்க்கைக்கு ஆஃபர் லெட்டர் வந்த வாரத்திலேயே வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும்: பிள்ளை எங்கே தங்குவது? பைபாஸ் ரோடு, கே.கே. நகர் பக்கம் கன்சல்டன்சியில் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "ரூமையும் நாங்களே புக் பண்ணிக் குடுத்துடுறோம் சார், அதுக்குத் தனியா ஃபீஸ் கிடையாது." ஃபீஸ் கிடையாது என்பது பெரும்பாலும் உண்மைதான். கட்டடக்காரர் கமிஷன் கொடுக்கிறார். கமிஷன் வராத இடங்கள் அந்தப் பட்டியலில் ஏறுவது அபூர்வம். ஹால் எனப்படும் பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதி அதில் இருக்காது, தெருவில் நாலு பேர் சேர்ந்து எடுக்கும் வீடும் இருக்காது. ஆகவே பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் முழு லண்டன் என்று நினைக்க வேண்டாம்.

மதுரையில் வீடு பிடிக்கும் முறை வேறு. டூலெட் போர்டைப் பார்த்து உள்ளே போய், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, அட்வான்ஸ் பேசி, பதினோரு மாதப் பத்திரம் போடுவோம். பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதம் முன்னால் சொல்லிக் காலி செய்வோம். பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு ஓனர் மீதியைத் தருவார். இந்தப் பழக்கத்தில் லண்டன் மாணவர் கட்டடத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத்தான் அடி விழுகிறது. 51 வாரத்துக்கு ஒப்புக்கொண்டால் 51 வாரத்துக்கும் வாடகை. பக்கத்து அறைக்காரர் விடிய விடியப் பாட்டுப் போட்டாலும், படிப்பை விட்டு ஊர் திரும்பினாலும் கணக்கு நிற்காது. உங்கள் இடத்துக்கு இன்னொரு மாணவரைப் பிடித்துக் கொடுத்தால்தான் விடுவார்கள். ஜனவரி தாண்டிவிட்டால் அப்படி ஒருவர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பல்கலைக்கழக ஹால், தனியார் மாணவர் கட்டடம், சேர்ந்து எடுக்கும் வீடு, நம்மவர் வீட்டு அறை என்று நான்கு வகையை இங்கே மதிப்பிடுகிறோம். அதனால் இந்த மதிப்பீட்டில் ஜிம், சினிமா அறை, மொட்டைமாடித் தோட்டம் எதற்கும் மதிப்பெண் இல்லை. அறை சரியில்லை என்று தெரிந்தபின் எவ்வளவு நஷ்டத்தோடு வெளியே வரலாம் என்பதே முதல் அளவுகோல். அடுப்பங்கரை அதற்கு அடுத்தது, கல்லூரிக்கு எவ்வளவு தூரம் என்பது மூன்றாவது.

முதலில் வாரக் கணக்கு

லண்டனில் மாணவர் அறைக்கு வாடகை வாரத்துக்குச் சொல்வார்கள். வாரம் 250 பவுண்டு என்றால் நம் ஆட்கள் நாலால் பெருக்கி மாதம் 1,000 என்று எழுதிக்கொள்கிறார்கள். மாதத்துக்கு நாலு வாரம் கிடையாது. 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 1,083 வரும். இந்தத் தப்பில் மட்டும் வருடத்துக்கு 1,000 பவுண்டு துண்டு விழும்.

அடுத்து, எத்தனை வாரம் என்பது. வாரம் 275 பவுண்டுக்கு 44 வார ஒப்பந்தம் என்றால் மொத்தம் 12,100. வாரம் 250-க்கு 51 வாரம் என்றால் 12,750. மலிவு போலத் தெரிவது முடிவில் கூடுதலாக நிற்கிறது. இளநிலை மாணவர் ஜூனில் ஊருக்கு வந்துவிடுவார் என்றால் 44 வாரம் போதும். ஒரு வருட எம்.எஸ்சி. படிக்கிறவருக்கு ஆகஸ்ட், செப்டம்பர் வரை டிசர்ட்டேஷன் என்ற ஆய்வேடு எழுதும் வேலை இருக்கும். அவர் 44 வாரம் எடுத்தால் ஜூலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிவரும்.

மாணவர் தங்குமிட அமைப்பான யூனிபோல், உயர்கல்விக் கொள்கை ஆய்வு நிறுவனமான ஹெப்பி ஆகிய இரண்டும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, 2024-25 கல்வியாண்டில் லண்டன் மாணவர் விடுதிகளின் சராசரி ஆண்டு வாடகையை 13,595 பவுண்டு என்கிறது. பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்தாலும் 15 லட்சத்து 63 ஆயிரம். "பார்ட் டைம் வேலை பார்த்து வாடகையைக் கட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பட்டப்படிப்பு விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. இருபது மணி நேரத்துக்கு 254. வேலை முதல் நாளே கிடைத்து, ஒரு வாரம்கூட விடாமல் போனாலும் அந்தப் பணம் அறைக்கே சரியாகிவிடும். சாப்பாட்டுக்கு மதுரையிலிருந்துதான் போக வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் சொந்த ஹால்

முதன்முறை போகிறவருக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். காரணம் அறையின் அழகு இல்லை. பல ஹால்கள் பழைய கட்டடங்கள், பொதுக் குளியலறை, சத்தமிடும் ஹீட்டர். ஆனால் விசா மறுக்கப்பட்டாலும் சேர்க்கை கைவிட்டுப் போனாலும், உங்கள் விண்ணப்பத்தைக் கையாளும் அதே நிறுவனத்திடம்தான் பேசுகிறீர்கள். இங்கிலாந்தில் ஒரு கியாரண்டர் (வாடகைக்குப் பிணை நிற்பவர்) வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

விசா கணக்கிலும் ஒரு சலுகை உண்டு. 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் படிப்பவர் செலவுக்கு மாதம் 1,529 பவுண்டு வீதம் 9 மாதத்துக்குக் காட்ட வேண்டும். மொத்தம் 13,761. தங்குமிடத்துக்காகப் பல்கலைக்கழகத்திடமே முன்பணம் கட்டியிருந்தால் அதில் 1,529 பவுண்டு வரை கழித்துக்கொள்ளலாம். தனியார் கட்டடத்துக்குக் கட்டியது எவ்வளவு பெரிய தொகையானாலும் ஒரு பவுண்டுகூடக் கழியாது. கட்டிய பணம், சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் காஸ் ஆவணத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

குறை இரண்டு. கடைசித் தேதி பல இடங்களில் மே, ஜூன், ஜூலைக்குள் முடிந்துவிடும். கல்விக் கடன் கையெழுத்தாகும் வரை காத்திருந்தால் இடம் போய்விடும். ஜனவரி சேர்க்கைக்காரர்களுக்கு மிச்சம் மீதிதான். இரண்டாவது, சாப்பாடு சேர்த்த ஹால்கள். லண்டன் பல்கலைக்கழகத்தின் இன்டர்காலேஜியட் ஹால்கள், மத்திய லண்டனின் ப்ளூம்ஸ்பரியில் உள்ள கனாட் ஹால், காலேஜ் ஹால் போன்றவை, பல கல்லூரி மாணவர்களுக்கும் பொதுவானவை. யூ.சி.எல்., கிங்ஸ் மாணவருக்குத் தூரத்தைப் பொறுத்தவரை இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் சாப்பாடு சேர்த்து வாடகை வாங்கும் ஹாலில் மாணவருக்கென்று இருப்பது பெரும்பாலும் ஒரு மைக்ரோவேவும் கெட்டிலும் வைத்த சின்ன மேடைதான். ரசம் வைக்க அடுப்பு இருக்காது. அதைக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

ப்ளூம்ஸ்பரிக்குப் பக்கத்தில் ஃபிட்ஸ்ராய் ஸ்கொயரில் இந்தியன் ஒய்.எம்.சி.ஏ. விடுதி இருக்கிறது. 1920-இல் இந்திய மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்டது, தொடங்கிய கே.டி. பால் சேலத்துக்காரர். உள்ளேயே இந்தியச் சாப்பாடு கிடைக்கும். போய் இறங்கிய முதல் இரண்டு வாரம் தங்கி வீடு தேடுவதற்கு நல்ல இடம். செப்டம்பருக்கு ஜூன், ஜூலையிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

தனியார் மாணவர் கட்டடங்கள்

யுனைட், ஐ.க்யூ., ஸ்கேப், சாப்டர், அர்பனெஸ்ட் என்று பெயர்கள் பல. வரவேற்பறை, இரவுக் காவல், வைஃபை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் வாடகைக்குள். முதல்முறை பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு இதில் நிம்மதி இருக்கிறது, மறுக்கவில்லை. அறை இரண்டு வகை. தனிக் குளியலறையோடு ஒரு அறை, ஐந்தாறு பேருக்குப் பொதுச் சமையலறை: இது என்சூட். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் ஒரே அறைக்குள்: இது ஸ்டூடியோ.

படத்தில் பார்க்கும் அறை உங்கள் அறை அல்ல. அந்த வகைக்கு ஒரு மாதிரி. எந்த மாடி, ஜன்னல் எந்தப் பக்கம், லிஃப்ட்டுக்கோ குப்பை அறைக்கோ பக்கமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அது கீழ்த்தளம் என்று எடுத்துக்கொண்டு விலை பேசலாம்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய முதல் சொல் "நோ விசா நோ பே". விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பும் என்பது இதன் பொருள். இதற்குள் மூன்று ஓட்டைகள் உண்டு. மறுப்புக் கடிதத்தைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். தேதி தவறினால் போச்சு. விசா தாமதமாவது மறுப்பு ஆகாது: அக்டோபர் 10-ஆம் தேதி போய் இறங்கினாலும் செப்டம்பர் வாடகை உண்டு. சேர்க்கையை ஜனவரிக்குத் தள்ளிப்போட்டாலும் இது பொருந்தாது என்றே பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். "நோ ப்ளேஸ் நோ பே" என்பது தனி வரி. இடம் கிடைக்காமல் போவதற்கு மட்டும். இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கியாரண்டர் விஷயமும் இங்கேதான் வரும். இங்கிலாந்தில் வேலையில் இருக்கும் ஒருவர் "இவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று எழுதித் தர வேண்டும். மதுரையில் உள்ள அப்பாவின் சம்பளச் சீட்டு செல்லாது. ஆள் இல்லை என்றால் முழு வருட வாடகையையும் முன்னாலேயே கேட்பார்கள், அல்லது கட்டணம் வாங்கிக்கொண்டு கியாரண்டராக நிற்கும் நிறுவனத்தைக் காட்டுவார்கள். அந்தக் கட்டணம் திரும்பாது. சில பல்கலைக்கழகங்கள் தாங்களே கியாரண்டராக நிற்கின்றன; அதை முதலில் விசாரியுங்கள். முழு வருடமும் முன்னால் கட்டிவிட்டால் வெளியே வரும் கதவை நாமே பூட்டிச் சாவியையும் கொடுத்த மாதிரி.

வாடகை வீட்டுச் சட்டம் மாறிய பிறகு இந்த வகைக்கு மதிப்பெண் இன்னும் குறைகிறது. 2025 அக்டோபர் 27-இல் ஒப்புதல் பெற்ற ரென்டர்ஸ் ரைட்ஸ் சட்டத்தின் முக்கிய விதிகள் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் நடைமுறை. சாதாரண வாடகை வீட்டில் இனி ஒரு வருடம், ஆறு மாதம் என்று கட்டிப்போட முடியாது. வாடகைக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். அரசு ஏற்ற நடத்தை விதிகளில் சேர்ந்துள்ள தனியார் மாணவர் கட்டடங்களுக்கு இது பொருந்தாது. பல்கலைக்கழக ஹாலுக்கும் பொருந்தாது. பளபளப்பான கட்டடத்தில் 51 வாரம் மாட்டிக்கொள்ளும் அதே மாணவர், பக்கத்துத் தெரு சாதாரண வீட்டில் இருந்தால் இரண்டு மாதத்தில் கிளம்பலாம்.

தாளிப்பும் தீ அலாரமும்

ஸ்டூடியோவைச் சமையலுக்காக எடுக்கிறவர்கள் நிறைய. "நமக்குன்னு தனி அடுப்பு" என்று. எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வரமிளகாய் கருகும் அந்த அரை நிமிடம் போதும். புகை சென்சார் கட்டிலுக்கு மேலேயே இருக்கும். பொதுச் சமையலறையில் பெரும்பாலும் வைப்பது வெப்பத்துக்கு மட்டும் அலறும் சென்சார், அங்கே தாளிப்பு தாங்கும். ஆனால் சமையலறைக் கதவைக் கட்டை வைத்துத் திறந்து போட்டால் புகை வராந்தாவுக்குப் போய், அங்கே உள்ள புகை சென்சார் அடித்து, ஒட்டுமொத்தக் கட்டடமும் நடுராத்திரி தெருவில் நிற்கும். கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட்டைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளிக்க வேண்டும். சென்சார் மேல் பிளாஸ்டிக் பையோ ஷவர் கேப்போ மாட்டுவது பெரும்பாலான கட்டடங்களில் அபராதக் குற்றம். ஒப்பந்தத்தை ரத்து செய்யும் இடங்களும் உண்டு.

மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான், மிக்ஸி ஓடும். 750 வாட் மிக்ஸி சுமார் 3.3 ஆம்பியர், அவர்கள் பிளக்கின் 13 ஆம்பியர் ஃப்யூஸுக்கு அது ஒன்றுமில்லை. பின் வடிவம்தான் வேறு, நல்ல அடாப்டர் வேண்டும். அறைக்குள் ரைஸ் குக்கர், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கப் பல இடங்களில் தடை. பொதுச் சமையலறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சாமி விளக்கு, சூடம், ஊதுபத்தி எதையும் அறையில் ஏற்ற முடியாது. பேட்டரி விளக்கு ஒன்றை இங்கேயே வாங்கிப் பெட்டியில் போடுங்கள்.

குக்கர் வாங்குவதற்கு முன் அடுப்பு செராமிக்கா இண்டக்‌ஷனா என்று தெரிந்துகொள்ளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அலுமினிய குக்கர் சூடே ஏறாது. ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் கொண்டுபோகலாம். பொதுச் சமையலறையில் ஒரு ஆளுக்கு ஃப்ரிட்ஜில் எத்தனை தட்டு, ஃப்ரீசரில் எவ்வளவு இடம் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்து வாரம் முழுக்கச் சாப்பிடுகிறவருக்கு ஜிம்மைவிட ஃப்ரீசர் முக்கியம்.

சேர்ந்து எடுக்கும் வீடு

இது நேரில் பார்த்து எடுக்க வேண்டியது. மதுரையில் இருந்துகொண்டு எடுக்காதீர்கள். போய் இரண்டு மூன்று வாரம் தற்காலிகமாகத் தங்கி, கண்ணால் பார்த்து எடுத்தால் நான்கு வகையிலும் இதுவே மலிவு, இதுவே எளிதாக விட்டு வரக்கூடியது.

சட்டம் இங்கே வாடகைக்காரர் பக்கம் நிறையவே நிற்கிறது. வருட வாடகை 50,000 பவுண்டுக்குள் இருந்தால் டெபாசிட் அதிகபட்சம் ஐந்து வார வாடகை. வீட்டைப் பிடித்து வைக்க வாங்கும் ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகைக்கு மேல் கூடாது. 2019 ஜூன் 1-க்குப் பிறகு "ரெஃபரன்ஸ் ஃபீஸ்", "அட்மின் ஃபீஸ்", "பத்திரச் செலவு" என்று ஏஜென்ட் எதுவும் வாங்க முடியாது. டெபாசிட்டை 30 நாளுக்குள் டி.பி.எஸ்., மைடெபாசிட்ஸ், டி.டி.எஸ். என்ற மூன்று திட்டங்களில் ஒன்றில் போட வேண்டும். போடாத ஓனரிடமிருந்து டெபாசிட்டின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் வாங்கித் தரும். "வெளிநாட்டு மாணவர், ஆறு மாத வாடகையை முன்னால் கொடு" என்பதும் 2026 மே 1 முதல் முடிந்தது; ஒரு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, வாங்கவும் கூடாது. அதன் பக்கவிளைவு, ஓனர்கள் கியாரண்டர் வேண்டும் என்று இன்னும் அழுத்திக் கேட்பார்கள்.

இரண்டு இடத்தில் கவனம். எல்லோர் பெயரும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால், ஒருவர் நோட்டீஸ் கொடுத்தாலும் எல்லோருடைய வாடகை உரிமையும் முடிந்துவிடும். ஒருவர் வாடகை தராமல் ஓடினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் கிடைத்தால் அதுவே நல்லது. இன்னொன்று, முழுநேர மாணவர்கள் மட்டும் தங்கும் வீட்டை, முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருந்தால், ஓனர் நான்கு மாத நோட்டீஸில் ஜூன் முதல் செப்டம்பருக்குள் திரும்பக் கேட்கலாம். டிசர்ட்டேஷன் எழுதுகிறவர் அந்தக் கடிதம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு மேற்பட்டு ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் வீட்டுக்கு எச்.எம்.ஓ. லைசன்ஸ் (பலர் பகிர்ந்து தங்கும் வீட்டுக்கான உரிமம்) கட்டாயம். பல பரோக்களில், அதாவது லண்டனின் உள்ளாட்சிப் பகுதிகளில், மூன்று பேருக்கே கேட்பார்கள். லைசன்ஸ் வீட்டில் ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர், அதாவது 70 சதுர அடி. ஏழடிக்குப் பத்தடி. இருவருக்கு 10.22 சதுர மீட்டர், 110 சதுர அடி. டேப் எடுத்துப் போக வெட்கப்பட வேண்டாம்.

குளிர் காலத்தில் வீட்டைக் கெடுப்பது பூஞ்சை. ஜன்னலைச் சாத்தி வைத்து உள்ளேயே துணி காயப்போட்டு, சோறு வடித்த ஆவியும் சேர்ந்து, வெளிச்சுவரின் குளிர்ந்த மூலையில் தண்ணீராக இறங்கும். அங்கே கறுப்புப் படரும். பார்க்கப் போகும்போது கட்டிலுக்குப் பின் சுவர், அலமாரிக்குப் பின், குளியலறைக் கூரை ஆகியவற்றைப் பாருங்கள். புதுப் பெயின்ட் வாசம் ஒரே ஒரு மூலையில் மட்டும் அடித்தால் சந்தேகப்படுங்கள். ஈ.பி.சி. என்ற எரிசக்திச் சான்றில் எழுத்து 'ஈ'க்குக் கீழே இருந்தால் வாடகைக்கு விடவே பொதுவாக அனுமதியில்லை. 'சி' என்றால் ஹீட்டர் பில் தாங்கும். கேஸ் சான்று 12 மாதத்துக்கு ஒருமுறை, மின்சாரச் சான்று 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும்; காட்டச் சொல்லுங்கள்.

முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரி கிடையாது. வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சேர்ந்தாலே பில் வந்துவிடும். அவர் ஒருவர் மட்டும் கணக்கில் வந்தால் 25 சதவீதம் குறையும், அவ்வளவுதான். அதை யார் கட்டுவது என்று குடிபோகும் முன்னே பேசிக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் ஹாமில் நம்மவர் வீடு

கோயில், பொன்னி அரிசி, இட்லி மாவு, தமிழில் எழுதிய கடைப் பலகை. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இறங்கினால் பாதி மனபாரம் குறையும். டூட்டிங், வெம்ப்ளி, ஹாரோ, இல்ஃபோர்டு பக்கமும் ஈழத்தமிழர், தமிழ்நாட்டார் கடைகள் உண்டு. "நம்ம ஊர் பையன்தான், அண்ணன் வீட்ல ஒரு பெட் இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் வருவது இந்தப் பகுதிகளிலிருந்துதான்.

வாடகை குறைவு, சாப்பாடு நம் சாப்பாடு. சட்டத்தில் உங்கள் நிலை என்ன என்பதுதான் கேள்வி. அந்த அண்ணன் அதே வீட்டில் தங்கி உங்களுக்கு ஒரு அறை கொடுத்தால் நீங்கள் லாட்ஜர். மேலே சொன்ன டெபாசிட் பாதுகாப்பு லாட்ஜருக்கு இல்லை. வெளியே போகச் சொல்ல நீதிமன்றம் வேண்டியதில்லை. அண்ணனே வாடகைக்காரராக இருந்து, ஓனருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விட்டிருந்தால் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து வெளியேற வேண்டும். ஓனரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அண்ணனிடம் இதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டால், "பேங்க் அக்கவுண்ட்டுக்கு அட்ரஸ் ப்ரூஃப் தருவீங்களாண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்குக்கு முகவரி வேண்டும், டாக்டரிடம் பதியும்போதும் கேட்பார்கள். முகவரியைப் பயன்படுத்த விட மாட்டேன் என்கிறவர் வீட்டில் கணக்கில் வராத ஆட்கள் இருக்கலாம். மூன்று பேருக்கு மேல் ஒரே அறை, கூடத்தில் கட்டில், இரவு வேலைக்காரர் எழுந்த படுக்கையில் பகல் வேலைக்காரர் என்று இருந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்காதீர்கள். எந்த வீடானாலும் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்னால் கொடுக்காதீர்கள், கொடுப்பதையும் வங்கி வழியே கொடுங்கள்.

கல்லூரி எந்த மூலையில்

விளம்பரத்தில் "லண்டன்" என்று இருப்பதெல்லாம் ஒரே ஊர் இல்லை. ப்ரூனெல் பல்கலைக்கழகம் லண்டனின் மேற்கு ஓரத்து அக்ஸ்பிரிட்ஜில், ஆறாவது ஜோனில் (பயணக் கட்டண மண்டலம்). ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் லண்டனுக்கு வெளியே ஹாட்ஃபீல்டில். க்ரீனிச் பல்கலைக்கழகத்தின் மெட்வே வளாகம் கென்ட்டில் இருக்கிறது. க்வீன் மேரியின் மைல் எண்ட் வளாகத்துக்கு ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ஒரே ரயில். அதே ஈஸ்ட் ஹாமிலிருந்து அக்ஸ்பிரிட்ஜ் போவது, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறித் தினமும் திண்டுக்கல் போய்த் திரும்புவது மாதிரி. ஆஃபர் லெட்டரில் வளாகத்தின் போஸ்ட்கோடைப் பார்த்து, காலை எட்டரை மணிக்கு என்று நேரம் போட்டுப் பயண நேரம் தேடுங்கள். 18 ப்ளஸ் ஸ்டூடண்ட் ஆய்ஸ்டர் என்ற பயண அட்டை, டிராவல்கார்டுக்கும் (ரயில், பஸ் சீசன் டிக்கெட்) பஸ் பாஸுக்கும் 30 சதவீதம் குறைக்கும். தனித்தனிப் பயணக் கட்டணத்துக்குக் குறையாது.

பணம் அனுப்பும் நேரத்தில்

விசாவுக்காகச் சேமிப்புக் கணக்கிலோ எஃப்.டி.யிலோ பணம் காட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் ஒருநாள்கூடக் குறையாமல் நிற்க வேண்டும். அறைக்கு முன்பணம் கட்ட அதே கணக்கிலிருந்து எடுத்து, ஒருநாள் மட்டும் தொகை கீழே போனாலும் விசா மறுக்கப்படலாம். அறைப் பணத்தை வேறு கணக்கிலிருந்து கட்டுங்கள்.

வங்கியில் கேட்பவை: வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம், கல்வி நோக்கத்துக்கான எஸ்0305 குறியீடு, ஆஃபர் லெட்டர், விடுதியின் இன்வாய்ஸ், பான் எண். எல்லாக் கிளையிலும் அந்நியச் செலாவணி பார்க்க மாட்டார்கள். முதலில் போன் போட்டுக் கேளுங்கள். கல்லூரிக் கட்டணமும் வாடகையும் சேர்த்து ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் மேலே உள்ள தொகைக்கு டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து நேராகப் போகும் பணத்துக்கு டி.சி.எஸ். இல்லை.

தனி ஆள் கணக்குக்கு, வீட்டைப் பார்க்காமல், ஒரு பைசா அனுப்பாதீர்கள். "ஓனர் வெளிநாட்டில் இருக்கார், சாவி கூரியரில் வரும்" என்பது பழைய மோசடி. இன்றும் ஆள் விழுகிறது. நாம் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல அங்கே லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற நிலப் பதிவேட்டில் 7 பவுண்டுக்கு உரிமையாளர் பெயர் பார்க்கலாம். லண்டன் மேயர் அலுவலகத்தின் தளத்தில் தண்டனை பெற்ற ஓனர்கள், ஏஜென்ட்டுகளின் பட்டியலை இலவசமாகத் தேடலாம். வீடியோவில் காட்டுகிறேன் என்றால் தெருப் பெயர்ப் பலகையிலிருந்து தொடங்கி, வாசல் எண், படி, அறை என்று வெட்டாமல் நேரலையில் நடக்கச் சொல்லுங்கள். கோடையில் நமக்கும் லண்டனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே அலுவலகம் ஒன்பதுக்குத் திறக்கும்போது இங்கே மதியம் ஒன்றரை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசலாம்.

சாவி வாங்கிய அன்றே அறையின் ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்து, மெத்தையைப் புரட்டிப் பார்த்து, இன்வென்டரி தாளில் (அறைப் பொருட்களின் பட்டியல்) எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். பெயின்ட்டுக்கு என்று மதுரை பாணியில் ஒரு மாதத்தைக் கழிக்க அங்கே முடியாது. புழக்கத்தில் சுவர் மங்குவது ஓனரின் செலவு. வெள்ளைச் சமையல் மேடையில் ஏறிய மஞ்சள் கறை அப்படி இல்லை, அதை டெபாசிட்டில் பிடிப்பார்கள். மஞ்சள்தூள் சிந்தினால் உடனே துடைத்துவிட்டு, சமையல் சோடாவைக் குழைத்துப் பூசிக் கால் மணி நேரம் வையுங்கள். அடுத்த வாரத்துக்கு விட்டால் போகாது.